உப்புநாக்கு

"அக்கா, அங்கே பாரு. நக்க ஆரம்பிச்சுட்டாரு!"

மொட்டைமாடியில் நிழல் விழுந்த மூலையில் நின்றுகொண்டு முதலாளியம்மாவின் தம்பி சிரித்தான். அந்த ஐஸ் பேக்டரிக்கு அவன்தான் மேனேஜர். சோலாரைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது ஒன்றுதான். அதையும் அவன் எழுந்து பார்த்ததில்லை.

வெயிலில் நின்ற சோலார்க்காரர், பேனலில் தேய்த்த விரலை நாக்கில் வைத்து ஒரு கணம் யோசித்தார். ஏழு வருடமாக வாரம் தவறாமல் இதைச் செய்கிறார். பேக்டரியில் அவருக்கு 'உப்புநாக்கு' என்றே பெயர்.

"லேசாத்தான்மா கசக்குது. நாலு நாள் கழிச்சுக் கழுவினாப் போதும்."

"உப்பு கசக்குமாய்யா? கரிக்கும்னுதானே சொல்வாங்க?" என்றாள் முதலாளியம்மா.

அவருக்குக் கேள்வி கேட்டால் போதும், வெயில் மறந்துவிடும். "கடல் உப்பு கரிச்சுட்டுக் கடைசில கசக்கும்மா. அலைத் தண்ணி வாய்க்குள்ள போனா தொண்டையில ஒரு கசப்பு நிக்கும் பாருங்க, அதேதான். காத்து அந்தத் தண்ணியைத் தூளாக்கிக் கொண்டாந்து கண்ணாடி மேல பூசிட்டுப் போகுது. பூச்சு ஏற ஏற வெளிச்சம் உள்ள இறங்காது. கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நாக்குக்குத் தெரிஞ்சுடும்."

"ஆகா, விஞ்ஞானி!" தம்பி கைதட்டினான். "அக்கா, உச்சி வெயில்ல மீட்டர் பாதிதான் காட்டுது. நாலு நாளாப் பாதி ஐஸ்தான். படகுக்காரங்க வாசல்ல நின்னு திட்டறாங்க. இவரு ருசி சொல்லிட்டிருக்காரு! நாளைக்கு என் சிநேகிதன் கம்பெனியை வரச் சொல்லியிருக்கேன். இவரை இன்னிக்கே அனுப்பிடு."

சோலார்க்காரரின் முகம் சுருங்கியது. அந்த மாடியில் இருந்த ஒவ்வொரு திருகாணியும் அவர் கையால் முறுக்கியது.

"பேனல்ல கோளாறு இல்லம்மா. கம்பியெல்லாம் வந்து சேர்ற பெட்டியைத் திறந்து பார்க்கணும். ரெண்டு வாரமா அதை நான் தொடவே இல்ல."

"எப்படித் தொடுவீரு? சாவியை நான்தானே புடுங்கி வெச்சிருக்கேன்!" தம்பி சாவி வளையத்தை விரலில் சுழற்றினான். "இவரு தொட்டுத் தொட்டே எல்லாத்தையும் கெடுக்கறாருக்கா. அதான், இருந்த ரெண்டு சாவியும் இப்ப என் கையில. என்னைக் கேக்காம உள்ள ஒரு ஈ போக முடியாது. காவல்னா அப்படி இருக்கணும்!"

சோலார்க்காரர் முதலில் சுவிட்சை இறக்கினார். கஜானாவைத் திறப்பவன் போலத் தம்பி பெட்டியைத் திறந்தான்.

உள்ளே செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. அடித்தட்டில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தது.

"பார்த்தியா, உப்பு! ஏழு வருஷமா வெளியே நக்கிட்டு உள்ள கோட்டை விட்டிருக்காரு. போதுமாக்கா? இன்னும் சாட்சி வேணுமா?"

முதலாளியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "காத்து உள்ள புகுந்துடுச்சாய்யா? உங்களை நம்பித்தானே விட்டிருந்தேன்."

அவர் மூடியின் ரப்பர் விளிம்பை விரலால் தடவினார். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி, இழுத்துப் பார்த்தார். காகிதம் கிழிந்ததே தவிர நழுவி வரவில்லை. கம்பி நுழையும் துளைகளில் அவர் பூசிய பசை பூசியபடியே இருந்தது. பிறகு, செம்பு படாத மூலையிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைக் கிள்ளி நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை வெகுநேரம் ஆயிற்று.

"இன்னும் ஒரு கை அள்ளித் தரட்டுமா?" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா." முதலாளியம்மா தன் தண்ணீர் பாட்டிலைச் சோலார்க்காரரிடம் நீட்டினாள். "வாயைக் கொப்புளிங்க. ரொம்பக் கசக்குதா?"

"துளிகூடக் கசக்கலம்மா. சுத்தமான சமையல் உப்பு."

பாட்டிலை வாங்கியவர் மூடியைத் திருகித் திறந்தார். "தண்ணி எனக்கு வேணாம். உப்பைத் தின்னவங்கதானே குடிக்கணும்?" என்றபடி அதைத் தம்பியின் பக்கம் நீட்டினார். அவன் விரலில் சாவி வளையம் சுற்றுவதை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது.