சத்தமில்லாத மோட்டார்

கடைக்காரர் மூன்று மோட்டார்களையும் ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் ஓடவிட்டுக் காட்டினார். முதலாவது தொண்டை கட்டிய மாடு போலக் கத்தியது. இரண்டாவது முனகியது. மூன்றாவதில் சத்தமே இல்லை. குழாயின் நுனியில் தண்ணீர் மட்டும் தானாக முளைத்து விழுந்துகொண்டிருந்தது.

"நல்ல தண்ணி டாங்கிக்கு இதுதாம்வே சரி. பழைய சனியன் தூங்க விடமாட்டேங்குது" என்றார் லூர்தையன்.

படகில் சமையல் பார்க்கும் ததேயு அவரைத் திரும்பிப் பார்த்தான். படகை ஓட்டுகிற லூர்தையன், தலைமாட்டில் என்ஜின் இரைந்தாலும் குறட்டை விடுகிறவர். போன தடவை கடலில் கடைசி நான்கு நாள், ஒன்பது பேரும் குடிதண்ணீரை போத்தல் மூடியில் அளந்து குடித்தார்கள். எல்லோரும் உப்புப் பூத்துக் கவிச்சியோடு நாறிக் கிடக்க, லூர்தையன் மேல் மட்டும் சந்தன சோப்பு மணத்தது. அதில் ஒரு நாள் மத்தியானம் மற்றவர்கள் படகின் முன்பக்கம், அணியத்தில் மீன் பிரித்துக்கொண்டிருந்தபோது, கீழே தண்ணீர் டாங்கி மோட்டார் வெகுநேரம் ஓடியதை அடுப்படியிலிருந்த ததேயு கேட்டான். யாரிடமும் சொல்லவில்லை.

"பொட்டு சத்தம் கேக்குதாடே?" லூர்தையன் சிரித்தபடி அவன் தோளில் கைபோட்டார்.

அதே சோப்பு மணம். ததேயு அந்தக் கையை விலக்கிவிட்டு, அது பட்ட இடத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். வாளியில் தண்ணீர் ஓசையின்றிச் சுழன்றது.

"கேக்குதுண்ணே" என்றான். "போன தடவ கேட்ட மாதிரியே கேக்குது."