மூணாவது கோடு

மாமனாரின் கம்பெனியில், ரேடியோ ரிசீவருக்குள் சிக்னல்களைக் கலக்கும் மிக்சர் என்ற சின்ன பாகங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது மருமகளின் வேலை.

"இது தேறாது மாமா," என்றாள். "ரெண்டு சிக்னல்தான் குடுத்தேன். திரையில மூணாவதா ஒரு கோடு, எவ்வளவு உயரமா நிக்குது பாருங்க."

"மீட்டர் கோளாறா இருக்கும்மா."

"நல்ல மிக்சரை மாட்டிப் பார்த்தேன். கோடு அடங்கிடுது."

"கஸ்டமர் பக்கத்து ரூம்ல காத்திருக்கார். பெரிய ஆர்டர். ஒரு கையெழுத்துதானே, எனக்காகப் போடேன்."

அவள் பேனாவை எடுத்தாள். மிக்சரின் லேபிளில் 'ஃபெயில்' என்று எழுதினாள்.

"பக்கத்து ஸ்டேஷன் சத்தமா இருந்தா, இதுல தூரத்துக் குரல் காதுல விழாது. கோவிச்சுக்காதீங்க மாமா."

கதவைத் திறந்துகொண்டு கஸ்டமர் வந்தார். அந்த மிக்சரைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"இது நான் வேணும்னே கலந்துவிட்ட பழுதான பீஸ்மா. தானே கெஞ்சினாலும் மருமக கையெழுத்துப் போடமாட்டான்னு உங்க மாமா சவால் விட்டார். நான்தான் நம்பலை. ஆர்டர் உங்களுக்குத்தான்."

மாமனார் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அது நனைந்திருந்தது.

"அப்போ கெஞ்சினதெல்லாம் நடிப்பா மாமா?"

"கெஞ்சினது நடிப்புதாம்மா. நீ பேனாவை எடுத்தப்ப வேர்த்தது நிஜம்."