திறந்தே கிடந்த பூட்டு

ஒரு கணினிக்குள் நெட்டை, குட்டை என்று இரண்டு இழைகள், அதாவது ஒரே நிரலின் இரண்டு வேலையாட்கள், வேலை பார்த்தன. அறை ஒன்றுதான். ஒன்று உள்ளே போனால் பூட்டிக்கொள்ளும். மற்றது வெளியே நிற்கும்.

குட்டை ஓயாமல் கதவைத் தட்டும். "முடிஞ்சுதா? முடிஞ்சுதா?"

"உனக்குப் பதில் சொல்லியே பொழுது போகுது," என்று நெட்டை எரிந்து விழுந்தது. "தட்டாதே. போய்ப் படு. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

குட்டை முகம் சுருங்கிப் பாயை உதறியது. அந்தச் சத்தத்தில் நெட்டை கூப்பிட்டது கேட்கவில்லை. சொல்லியாச்சு என்று நெட்டை பூட்டைத் திறந்துவிட்டுப் போய்விட்டது. குட்டை தூங்கிப்போனது.

குட்டை சேமிக்க வேண்டிய கல்யாணப் படங்கள் அப்படியே நின்றன. திரை அசையவில்லை. யாரோ பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்தினார்கள்.

"கூப்பிட்டேனே," என்றது நெட்டை, இருட்டிக்கொண்டு வரும்போது.

"நானும் திறந்தேதான் கிடந்தேன்," என்றது பூட்டு. "நீ தட்டாதேன்னு சொன்ன பிறகு அது தட்டவே இல்ல."