குடை எடுத்துக்கோ

"இந்த ரெண்டாம் பாகம் சுத்த போர்மா. எழுதினவருக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு போல."

கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த மகள் அலுத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில், மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அம்மா.

"ஏன்டி, நல்லாத்தானே போகுது?"

"என்னத்த நல்லாப் போகுது? தும்பிக்கு என் வயசுதான். முதல் பாகத்துல எதிரியோட கப்பலையே கவுத்தா. ஓடுற ரயில்ல இருந்து குதிச்சா. இதுல என்னடான்னா, குதிக்கறதுக்கு முன்னாடி ஸ்வெட்டர் போட்டுக்கறா! வேளாவேளைக்குச் சாப்பிடறா! உளவாளியாம்மா அவ?"

அம்மா ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"அந்தக் குடை ஞாபகம் இருக்கா? எதிரி பக்கத்துல இருக்கும்போது ஃபோன்ல 'குடை எடுத்துக்கோ'ன்னு முடிச்சா, 'இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொய்'னு அர்த்தம். என்ன மூளை! இதுல ஒரு குடையைக்கூடக் காணோம்... அம்மா, மூஞ்சில வெயில் சுடுது, திரையை இழுத்து விடேன்."

அம்மா எழுந்து திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பாவம், எழுதினவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ரெண்டாம் பாகத்தில் தும்பி பாதியிலேயே செத்துப்போகிறாள். பஸ்ஸில் வரும்போது அம்மா அதைப் படித்துவிட்டாள். அன்றிலிருந்து புத்தகம் சும்மா மடியில் கிடக்கிறது, கதை அவளாகக் கட்டுவது. கடையில் துணி மடித்து அடுக்குகிறவளுக்கு உளவைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்ததெல்லாம் பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதுதான்.

இனி அதற்கும் வழியில்லை. காலையில்தான் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லியிருந்தார்.

"அம்மா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லாத் தேறிட்டு வர்றியாம். சீக்கிரமே கட்டைப் பிரிச்சு வீட்டுக்கு அனுப்பிடுவாராம்."

"தும்பிக்குக் கடைசியில ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அவளுக்கு என்னடி ஆகும்? கல்லு மாதிரி இருப்பா."

மகள் துழாவி அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் இப்பல்லாம் வலியே இல்லம்மா. பயமும் இல்ல. சீக்கிரம் வீட்டுக்கு வந்துடுவேன். நீ போய் நிம்மதியாத் தூங்கு."

"அப்படிச் சொல்லு என் தங்கம்."

அப்பாடா, நம்பிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா வாசல் வரை போய்விட்டாள்.

"அம்மா..."

"என்னடி?"

"குடை எடுத்துக்கோ."