கோணல் காக்கா

மேம்பாலத்துக்குக் கீழே ஸ்கேட்போர்டு ஓட்டும் பசங்க முதன்முதலாக அச்சடித்த டி-ஷர்ட் அது. அடிக்கும்போது அச்சு பிரேம் நழுவி, காக்கா கோணலாக விழுந்துவிட்டது. அந்தக் கோணல் காக்காவுக்குத்தான் இன்று ஊரெல்லாம் கடை.

கடைக்காரர்கள் டூப்ளிகேட்டுகளைப் பிடித்து வெட்டியபோது, பழைய டி-ஷர்ட்டும் அந்தக் குவியலில் சிக்கிக்கொண்டது. பக்கத்திலேயே சரக் சரக்கென்று சத்தம்.

"ஐயோ, நான்தான் முதல் டி-ஷர்ட்!" என்று அலறியது.

"எல்லாத் துணியும் இதையேதான் சொல்லுது," என்றது கத்தரிக்கோல். "சாட்சி இருக்கா?"

பழையது, மேலே விற்பனைக்குத் தொங்கிய புது டி-ஷர்ட்டைக் கெஞ்சியது. "தம்பி, என்னைப் பார்த்துத்தானே உன்னை அடிச்சாங்க? சொல்லேன்!"

புதுசு இரண்டு காக்காவையும் மாறி மாறிப் பார்த்தது. கத்தரிக்கோல் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

"அண்ணே, உங்க கோணல் தப்பா இருக்கே," என்றது.