வலப்பக்க வெட்டு

"அவளை யாரும் திருத்தாதீங்க. அவ எப்படி ஆடுறாளோ அப்படியே விடுங்க" என்று மைதானத்தின் ஓரத்திலிருந்து கோச் குரல் கொடுத்தார்.

சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஹாக்கி அணியில் சேர்ந்து பதினெட்டு நாள்தான் ஆகிறது. கேப்டனே ஸ்டிக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் வாங்கிக் கட்டிக்கொள்கிற இடம் அது. நேற்று வந்த இவளை மட்டும் அந்த மனிதர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அவளும் நினைத்தாள். பந்தை இடப்பக்கம் இழுப்பாள். தடுக்க வருபவள் அந்தப் பக்கம் சாய்ந்ததும் சடாரென்று வலப்பக்கம் வெட்டித் திரும்பி கோலுக்குள் அடித்துவிடுவாள். முதல் வாரம் டிஃபென்ஸ் ஆடுகிற மூன்று பேரும் அசடு வழிய நின்றார்கள்.

"இன்னொரு தடவை" என்பார் கோச். "அதே மாதிரி. துளிகூட மாத்தாத."

ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது ஆகிவிடும். அடிக்கிற வேலை இவளுக்கு, தடுக்கிற வேலை மற்ற எல்லோருக்கும். இப்போதெல்லாம் நாற்பதில் முப்பது பந்தைத் தடுத்துவிடுகிறார்கள். அதற்கும் கோச் இவளைத் திட்டவில்லை, முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அந்த வெட்டைக் கற்றுக்கொடுத்தது அவளுடைய அக்கா. பெரியவள் லேசுப்பட்ட ஆள் இல்லை. இதே கோச்சிடம் நாலு வருஷம் ஆடிவிட்டு எதிரணிக்குப் போனவள். முழங்கால் அறுவை சிகிச்சை ஆகி ஒரு வருஷம் வீட்டோடு கிடந்தவள், இறுதியாட்டத்தில் இவர்களுக்கு எதிராகத்தான் மறுபடி இறங்குகிறாள். புது ஆட்டத்தோடு வருகிறாளாம் என்று ஒரே பேச்சு.

அந்தப் புது வெட்டைப் பார்த்தவள் தங்கை ஒருத்திதான். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை "ஏதாவது சொல்லிக் குடுக்கா" என்று கெஞ்சியிருக்கிறாள். "போடி, எனக்கு வேற வேலை இல்லையா" என்று விரட்டுவாள் அக்கா. இந்த வருஷம் என்ன தோன்றியதோ, தானாகவே ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனைக்கு வந்து நின்றாள். படுத்து எழுந்தால் மனசு இளகிவிடும் போலிருக்கிறது என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

கோச் கூப்பிட்டு அனுப்பியபோது, "போடி, யோசிக்காத" என்று பிடித்துத் தள்ளியவளும் அவள்தான். கல்லூரி அணியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள் சின்னவள். இந்த சீசன் முழுக்க அங்கே திரும்பிப் போக முடியாது. இறுதியாட்டத்தில் இறக்கிவிட்டால்தான் அவளுக்கு இந்த வருஷம் ஆட்டமே உண்டு.

தினமும் போனில் அக்கா ஒரே கேள்விதான் கேட்பாள். "அந்த வெட்டை மாத்தச் சொன்னாரா?"

"இல்லக்கா. அப்படியே ஆடச் சொல்றார்."

"சமத்து. அப்படியே ஆடு."

இறுதியாட்டத்தன்று உடைமாற்றும் அறையில் கோச் பட்டியலைப் படித்தார். பதினாறு பேர். சின்னவள் எழுந்து நிற்கத் தயாராக பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பதினாறாவது பெயரும் வந்து போனது, அவள் பெயர் வரவில்லை.

"சார், என் பேரு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலம்மா." தாளை மடித்துப் பையில் வைத்தார். "உன் வேலை நேத்தோட முடிஞ்சுது." கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

காலில் கவசம் மாட்டிக்கொண்டிருந்த கோல்கீப்பர்தான் வாயைத் திறந்தாள். "உங்கக்காவை நிறுத்தணும்ல. உன்னைத் தடுத்துப் பழகினா அவளைத் தடுத்த மாதிரி. பெரிய ஆளு எதிர்ல வந்தா, அதே மாதிரி ஆடுறவ ஒருத்தியை சார் எங்கேருந்தாவது பிடிச்சுட்டு வந்துடுவாரு. எப்பவும் அப்படித்தான்."

"அப்ப நான் டீம்ல இல்லையா?"

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டு லேஸ் கட்டினாள். மற்றவர்கள் அவரவர் ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். இத்தனை நாளும் தோளில் கைபோட்டுச் சிரித்துப் பேசியவர்கள்.

சின்னவள் கதவுப் பக்கம் திரும்பினாள். தான் ஏமாந்தது ஒரு பக்கம் இருக்கட்டும், தன்னை வைத்தே அக்காவின் கழுத்தை அறுக்கப் பார்க்கிறார்களே. ஒரு வருஷம் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தவளுக்குத் தன்னாலா இந்த கதி? எதிரணியின் அறை தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

பெரியவள் வாசலில் உட்கார்ந்து ஸ்டிக்கின் பிடியில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மோசம் போயிட்டேன். டீம்ல ஆடவைக்க என்னைக் கூப்பிடலக்கா. என்னை வச்சு உன்னைத் தடுக்கப் பழகியிருக்காங்க. பழகி முடிச்சதும் கறிவேப்பிலையாட்டம் தூக்கிப் போட்டுட்டாங்க." விக்கலும் அழுகையுமாகக் கொட்டித் தீர்த்தாள். "அந்த வெட்டு அவங்களுக்கு அத்துப்படி. இன்னைக்கு மட்டும் அதை ஆடிடாதக்கா."

பெரியவளின் கை நிற்கவே இல்லை. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, நுனியை ஒட்டினாள்.

"ஆட மாட்டேன்டி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு வருஷம் அவர்கிட்ட ஆடினவ நான். உன்னைத்தான் கூப்பிடுவார்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன்க்கா என்னைப் போகச் சொன்ன?"

மைதானத்தில் விசில் ஊதினார்கள். பெரியவள் எழுந்து தங்கையின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

"அவங்க பழகட்டும்னுதானேடி உனக்கு அதைச் சொல்லியே குடுத்தேன்."