கிணற்றுத் தண்ணீர்

வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுப் பிழைத்த முயலுக்கு ஆறு என்றாலே நடுக்கம். அதைப் பார்த்துக்கொள்ள, பராமரிப்புப் பயிற்சி முடித்த கழுதை ஒன்றைக் காட்டில் அமர்த்தினார்கள். கழுதை தினமும் குடத்தில் கிணற்றுத் தண்ணீர் சுமந்து வந்தது.

"குடிச்சிட்டுப் படு. ஆத்துப் பக்கம் போகாதே."

"என்கூட வெள்ளத்துல அடிச்சிட்டுப் போன மாட்டை மட்டும் ஆத்துக்கு விட்டாங்க. எனக்குக் குடமா, அக்கா? பயமா இருந்தாலும் நானும் ஆத்துல வாய் வச்சுக் குடிக்கணும்" என்றது முயல்.

பயிற்சியில் இதற்குப் பதில் இல்லை. கழுதை குடத்தை இறக்கி வைத்தது.

"சரி, முதுகுல ஏறு."

"எனக்குக் கால் இருக்கு. கூட வாங்க, போதும்."

வழியில் முயல் பயந்து நின்ற இடத்திலெல்லாம் கழுதையும் நின்றது. ஆறு கண்ணில் பட்டதும் கழுதைதான் முதலில் நின்றுவிட்டது.

"அந்த வெள்ளத்துலதான் என் குட்டி போச்சு" என்றது.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா?"

முயல் அங்கேயே உட்கார்ந்தது. "நான் கேக்குறேன், சொல்லுங்க."

கழுதை சொல்லி முடித்ததும் இரண்டும் எழுந்து போய், ஒட்டி நின்று ஆற்றில் வாய் வைத்தன.